மரத்தின் மேல் பழி

கோடையில் மகள் வீட்டுக்கு அட்லாண்டா வந்தால், காலையில் என் முதல் வேலை போனில் காற்றின் நிறம் பார்ப்பது. பச்சை என்றால் பேரனுடைய கால்பந்துப் பயிற்சி உண்டு. மஞ்சள் என்றாலும் உண்டு. ஆரஞ்சு வந்துவிட்டால் மகள் இன்ஹேலரை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, "அப்பா, இன்னிக்கு மத்தியானம் இவனை வெளியே விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரஞ்சு. இந்த ஊர்க் கோடையில் அதற்குப் பெரும்பாலும் காரணம் ஓசோன், தரைமட்டத்தில் சேர்ந்து மூச்சை உறுத்தும் வாயு.

அப்படி ஆரஞ்சு வந்த ஒரு நாள் மாப்பிள்ளை ஒரு வீடியோவைக் காட்டினார். "பாருங்க மாமா, இங்க காத்து கெடுறதுக்கு மரம்தான் காரணமாம். காரைக் குறைச்சு என்ன பிரயோஜனம்?" போன வருடம்தான் எட்டுப் பேர் உட்காரும் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். வீட்டில் இருப்பது நான்கு பேர்.

வீடியோ சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதில் பாதி உண்மை. பாதி உண்மைக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். அன்று சாப்பாட்டு மேசையில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டக்காரன். குலசேகரம் பக்கம் அப்பா விட்டுப்போன சின்ன ரப்பர் விளை ஒன்று இருக்கிறது. பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பலபடிகள் (பாலிமர்) பாடம் வரும்போது எனக்குத் தனி உற்சாகம். விடியுமுன் பால் வெட்டி, சிரட்டையில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்குகிற வீடுகளிலிருந்துதான் என் மாணவர்களில் பாதிப் பேர் வருவார்கள். அந்த ஷீட் முழுக்க ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி, அந்த அலகின் பெயர் ஐசோப்ரீன் என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு இரட்டைப் பிணைப்பு. தனியாக எடுத்தால் 34 டிகிரியில் கொதிக்கும் திரவம். எங்கள் ஊர் மே மாதத்தில் பாட்டிலைத் திறந்து வைத்தால் கொதித்தே போய்விடும்.

காட்டு மரங்கள் காற்றில் விடும் ஆவிகளில் முதலிடம் இதே ஐசோப்ரீனுக்குத்தான். உலகம் முழுவதும் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கோடி டன் ஐசோப்ரீனை வெளியே விடுகின்றன. உலகத்து ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டிப் பால் எடுத்து ஆண்டு முழுவதும் மனிதர் சேர்க்கும் இயற்கை ரப்பர் சுமார் 1.4 கோடி டன். அதைப்போல முப்பத்தைந்து மடங்கை இலைகள் சத்தமில்லாமல் ஆகாயத்தில் விட்டுக்கொண்டிருக்கின்றன. மற்ற ஆவிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 100 கோடி டன்னை ஒட்டி வருகிறது. நம் வண்டிகள், பெயிண்டுகள், கரைப்பான்கள், பெட்ரோல் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து விடும் கரிம ஆவிகள் இதோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். ஆகவே மரம் நிறைய விடுகிறது என்ற அளவில் மாப்பிள்ளையின் வீடியோ பிசகவில்லை.

ஒரு வேடிக்கை. ரப்பர் மரம் பாலில் ஐசோப்ரீன் சங்கிலியைக் கோக்கிறதே தவிர, அதன் இலை ஐசோப்ரீனை விடுகிற இலை இல்லை. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சிஷுவாங்பன்னா ரப்பர் தோட்டங்களில் அளந்து பார்த்தவர்கள், அந்த மரங்களின் இலைகள் பகல் வெயிலில் மோனோடெர்பீன்களை விடுவதைக் கண்டார்கள். மோனோடெர்பீன் என்றால் இரண்டு ஐசோப்ரீன் அலகு சேர்ந்தது, பத்து கார்பன். பைன் மரத்தடியில் வருகிற வாசனை, எலுமிச்சைத் தோலைக் கீறினால் வருகிற வாசனை எல்லாம் அந்தக் குடும்பம். பால் வெட்டி முடித்து நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு எங்கள் விளையில் மேலே என்ன நடக்கிறது என்பதை அட்லாண்டாவில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஐசோப்ரீனை அதிகம் விடுபவை ஓக், பாப்லர், வில்லோ, யூகலிப்டஸ், பனை வகையில் எண்ணெய்ப்பனை. அட்லாண்டாவில் தெருவுக்குத் தெரு நிற்கும் ஸ்வீட்கம் மரமும் இந்தப் பட்டியலில் உண்டு. மேப்பிள் அநேகமாக விடுவதில்லை. பைன் மரங்கள் மோனோடெர்பீன் கோஷ்டி. பைன் தன் பிசின் குழாய்களில் அதைச் சேமித்து வைத்திருப்பதால் இரவிலும் கசியும். ஐசோப்ரீன் அப்படி இல்லை. இலை அதைச் சேமிப்பதே கிடையாது. பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துக்குள் வெளிச்சத்தில் செய்து, செய்த நொடியே வெளியே விட்டுவிடும். சூரியன் மறைந்தால் உற்பத்தி நின்றுவிடும். வெயில் ஏறினால் கூடும்: இலையின் வெப்பம் 20 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் ஐசோப்ரீன் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. 40ஐ நெருங்கும் வரைக்கும் ஏற்றம்தான். ஒளிச்சேர்க்கையில் பிடித்த கார்பனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இப்படிப் போகிறது. கடும் வெயிலில் அதற்கும் மேலே.

பாடுபட்டுச் சேர்த்த கார்பனை மரம் ஏன் இப்படி வீசி எறிய வேண்டும்? இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் இதைக் கண்டுபிடித்தவர்களைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் படித்தவர்களுக்கு வென்ட் என்ற பெயர் நினைவிருக்கும். ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி அகார் துண்டின் மேல் வைத்து, அந்தத் துண்டை நாற்றின் ஒரு பக்கமாக வைத்தால் நாற்று வளைகிறது என்று காட்டி, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை நிரூபித்தவர். டச்சுக்காரர். 1920களில் உட்ரெக்ட்டில் செய்த வேலை அது. பக்கத்து அறையில் தாவரவியல் ஆசிரியை அதை நடத்தும் சத்தம் வருடா வருடம் எனக்குக் கேட்கும். அதே வென்ட் பிற்காலத்தில் அமெரிக்காவில் இருந்தபோது மலைகளின் மேல் நிற்கும் நீல மூட்டத்தைப் பற்றி யோசித்தார். ஆள் நடமாட்டமோ ஆலையோ இல்லாத இடத்தில் இந்த மூட்டம் எங்கிருந்து வருகிறது? தாவரங்கள் விடும் டெர்பீன்கள் வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மிக நுண்ணிய துகள்களாகின்றன, அவைதான் நீல நிறத்தைச் சிதறடிக்கின்றன என்று 1960இல் நேச்சர் இதழில் எழுதினார். உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு 17.5 கோடி டன் ஆவியை விடுகின்றன என்பது அவர் போட்ட கணக்கு. கருவி எதுவும் பெரிதாக இல்லாத காலத்தில் போட்ட கணக்கு அது. இன்றைய எண் அதைவிடப் பல மடங்கு என்றாலும், அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

வென்ட்டுக்கு கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற சக டச்சுக்காரர் இருந்தார். வேதியியலாளர். அன்னாசிப்பழத்தின் மணத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் ஊரே புகைமூட்டத்தில் கண் எரிந்து தவித்தபோது, அன்னாசி ஆவியைப் பிடித்த அதே முறையில் ஊர்க் காற்றைப் பிடித்துப் பார்த்தார். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் சொன்னது இது: பெட்ரோல் ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து ஓசோன் உண்டாகிறது. புகைபோக்கியிலிருந்து ஓசோன் நேராக வருவதில்லை, காற்றில் சமைக்கப்படுகிறது.

அப்போது ஓசோனை எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? ரப்பர். வளைத்துக் கட்டிய ரப்பர்ப் பட்டையைக் காற்றில் வைத்து, வெடிப்பு விழ எவ்வளவு நேரமாகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ரப்பர்ப் பொருட்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடித்ததும் ஒரு துப்பாக இருந்தது. ஓசோன் ரப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பைத்தான் தேடிப் போய்க் கடிக்கும். தனி ஐசோப்ரீனையும் அது கடிப்பது அதே இடத்தில்தான். ஷீட்டை இழுத்துக் கட்டி வெயிலில் போடாதே என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதற்கு ஒரு காரணம் வெயில், இன்னொரு காரணம் இது.

ஐசோப்ரீன் இலையிலிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டவர் குய்வி சனாட்சே. 1957வாக்கில், சோவியத் யூனியனில் இருந்த ஜார்ஜியாவில், திபிலிசி நகரத்தில். அந்த மரங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்து முடித்தது இன்னொரு ஜார்ஜியாவில், அந்தப் பெயருள்ள அமெரிக்க மாநிலத்தில், நான் இப்போது உட்கார்ந்திருக்கும் அட்லாண்டாவில். அமெரிக்காவில் வென்ட்டின் மாணவர் ராஸ்முசென் 1960களில் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

இங்கேதான் அரசியல் நுழைகிறது. 1980 அதிபர் தேர்தல் சமயத்தில் ரொனால்ட் ரீகன், காற்று மாசில் 80 சதவீதம் மரஞ்செடிகள் விடும் ஹைட்ரோகார்பன்களால் (ஐசோப்ரீன் போலக் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) வருகிறது, ஆகவே மனிதர் மேல் ரொம்பக் கடுமையான விதிகளைப் போட வேண்டாம் என்ற பொருளில் பேசினார். கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் கல்லூரிக் கூட்டத்துக்கு அவர் போனபோது மாணவர்கள் ஒரு மரத்தில் அட்டை மாட்டி வைத்தார்கள். "நான் இன்னொரு கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்" என்று மரமே கெஞ்சுவதாக அதில் எழுதியிருந்தது. நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பால் ஒரு கெடுதலும் ஆயிற்று என்பது என் எண்ணம். ரீகனுடைய முடிவு தப்பு, அதைக் கேலி செய்ததில் தப்பில்லை. ஆனால் மரம் ஆவி விடுகிறது என்ற அடிப்படையையே பலர் கேலிக்குரியதாக எடுத்துக்கொண்டார்கள். அதை ஒழுங்காக எடுத்துப் பேசியிருந்தால் சில முடிவுகள் சில வருடம் முன்னாலேயே வந்திருக்கும்.

ஏன் என்று சொல்ல வேதியியலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். மாணவர்களிடம் சொல்வது போலவே சொல்கிறேன்.

வெயில் காற்றில் ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு (ரேடிகல், எதனோடும் சட்டெனச் சேரத் துடிக்கும் துண்டு) எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது ஐசோப்ரீனைப் பார்த்தால் விடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஐசோப்ரீனின் கதை முடிந்துவிடும். உடைந்த துண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பெராக்சி உறுப்பாகிறது. இதுவரைக்கும் ஓசோன் இல்லை, கவனியுங்கள். இப்போது பக்கத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்றான நைட்ரிக் ஆக்சைடு இருந்தால், பெராக்சி தன்னிடமுள்ள ஓர் ஆக்சிஜன் அணுவை அதற்குக் கொடுத்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. வெயில் அதை உடைத்து அந்த அணுவைக் கழற்றி விடுகிறது. கழன்ற அணு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஓசோன். நைட்ரிக் ஆக்சைடு பழைய வடிவத்துக்குத் திரும்பி மறுபடி தயார். நாகர்கோவிலுக்கும் குலசேகரத்துக்கும் நடை அடிக்கும் பேருந்து போல, ஒரே நைட்ரிக் ஆக்சைடு போய்த் திரும்பி ஒவ்வொரு நடைக்கும் ஓர் ஓசோனை இறக்கிவிடுகிறது. ஏற்றிவிட ஆவி இருக்கிற வரைக்கும் ஓட்டம் நிற்காது.

நைட்ரஜன் ஆக்சைடு எங்கிருந்து வருகிறது? மின்னலிலும் மண்ணிலும் கொஞ்சம் வரும். பெரும்பகுதி, எரிகிற இடத்திலிருந்து: கார் எஞ்சின், லாரி, நிலக்கரி மின்நிலையம், கொதிகலன். காற்றை ரொம்பச் சூடாக்கினால் அதிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிவிடுகின்றன. அது இல்லாத இடத்தில் ஐசோப்ரீன் எவ்வளவு இருந்தாலும் ஓசோன் ஏறாது. கொஞ்சம் குறையவே செய்யும். அமேசான் காட்டின் நடுவே, மழைக்காலத்தில், ஓசோன் 10 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 10 பங்கு) அளவில்தான் இருக்கும். அமெரிக்கா 2015 முதல் வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக 70 பிபிபி. ஐசோப்ரீன் கொட்டிக் கிடக்கும் இடத்தில் ஓசோன் அந்த வரம்பில் ஏழில் ஒரு பங்கு.

அதற்காக அட்லாண்டாவின் மரங்களுக்கு இதில் கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பு மரநிழல். விமானத்திலிருந்து பார்த்தால் காட்டுக்குள்ளே வீடு கட்டியிருப்பது தெரியும். 95 டிகிரி பாரன்ஹீட் வெயிலில் ஓக்கும் ஸ்வீட்கம்மும் விடுகிற ஐசோப்ரீன், நெடுஞ்சாலையில் இருபுறமும் ஊர்ந்து நிற்கும் வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடோடு சேரும்போது ஓசோன் தாராளமாக உண்டாகிறது. மரம் இல்லாவிட்டால் குறைவாகத்தான் இருக்கும். இதை மறைத்தால் வீடியோக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

1970களிலிருந்து அமெரிக்கா ஓசோனைக் குறைக்க முதன்மையாக ஹைட்ரோகார்பன்களைத்தான் துரத்தியது. பெட்ரோல் ஆவி, பெயிண்ட், கரைப்பான். மரம் குறைந்த, வண்டி நிறைந்த லாஸ் ஏஞ்சலஸில் அதற்குப் பலன் கிடைத்தது. அட்லாண்டாவில் எவ்வளவு குறைத்தும் ஓசோன் அசையவில்லை. 1988இல் இந்த ஊர் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் சமேய்டிஸும் உடனிருந்தவர்களும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அட்லாண்டாவில் மரங்கள் விடும் ஹைட்ரோகார்பனின் பங்கு மனிதர் விடுவதற்கு இணையாக இருக்கிறது. மனிதர் பங்கை மட்டும் குறைத்துக்கொண்டே போனால், மிச்சமிருக்கும் மரத்தின் ஆவியே ஓசோனைச் செய்யப் போதும். ஆகவே நைட்ரஜன் ஆக்சைடைப் பிடியுங்கள் என்பது சாரம். 1991இல் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் நாடு தழுவிய அறிக்கையில் அதையே வலியுறுத்தியது. அதன் பிறகுதான் தென்கிழக்கு மாநிலங்களின் மின்நிலையங்கள் மீதும் வண்டிகளின் மீதும் நைட்ரஜன் ஆக்சைடு விதிகள் இறுகின.

கவனித்தீர்களா? ரீகன் எடுத்த அதே உண்மையைத்தான் சமேய்டிஸும் எடுத்தார். மரம் நிறைய விடுகிறது. ஒருவர் அதிலிருந்து "அப்படியானால் நம்மை விடுங்கள்" என்று போனார். மற்றவர் "அப்படியானால் எரிப்பதை இன்னும் கடுமையாகப் பிடிக்க வேண்டும்" என்று போனார். மரத்தின் பங்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இதைச் சொன்னபோது மாப்பிள்ளை தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அது எப்படி மாமா, மரம் கூடினா கார் குறையணும்னு வருது?" என்றார். நல்ல கேள்வி. ஆவி வேண்டிய அளவு இருக்கும் இடத்தில் ஓசோனின் அளவை முடிவு செய்வது குறைவாக இருக்கும் பொருள். இரண்டு மூலப்பொருளில் எது கட்டுப்பாடு என்று பார்க்கும் கணக்கு பதினோராம் வகுப்பிலேயே இருக்கிறது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை இதற்குச் சான்றாகப் பலர் காட்டுவார்கள். போட்டி நடந்த நாட்களில் காலை உச்ச நேரத்தில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை 22.5 சதவீதம் குறைந்தது, உச்ச ஓசோன் சுமார் 28 சதவீதம் குறைந்தது, குழந்தைகள் ஆஸ்துமா அவசரத்துக்கு வருவதும் குறைந்தது என்று 2001இல் ஓர் ஆய்வு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2010இல் இன்னொரு குழு திரும்பிப் பார்த்தபோது, ஒலிம்பிக்ஸ் நடக்காத மற்ற தென்கிழக்கு நகரங்களிலும் அதே நாட்களில் ஓசோன் குறைந்திருந்தது தெரிந்தது. வானிலைக்கும் அதில் பங்கு இருந்திருக்கிறது. அதனால் இந்தக் கதையை நான் வாதத்துக்குப் பயன்படுத்துவதில்லை. அதைவிட உறுதியானது நீண்ட காலக் கணக்கு. மின்நிலையங்களும் வண்டிகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு வருடக்கணக்கில் இறங்க இறங்க இங்கே ஓசோனும் இறங்கியது. 2022இல் அட்லாண்டா 70 பிபிபி வரம்புக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் ஓக் மரங்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஆரஞ்சு நாட்கள் இன்னும் வருகின்றன என்பது வேறு விஷயம். முன்பு அதைவிட மோசமான சிவப்பும் ஊதாவும் வந்த ஊர் இது.

மூட்டத்தின் கதையும் இதே மாதிரிதான். வார இறுதியில் ஒருமுறை வடக்கே ஸ்மோக்கி மலைகளுக்குப் போனோம். மலை மேல் மலையாக நீலம் அடுக்கியிருக்கிறது. வென்ட் சொன்ன நீலம். ஆனால் சூரியன் ஏற ஏறத் தூரத்து அடுக்குகள் வெளுத்துப்போய் மறைந்தன. நீலம் மிக நுண்ணிய துகளால் வருவது. வெளுப்பு அதைவிடப் பெரிய துகளால் வருவது. அந்தப் பெரிய துகள்களில் கணிசமானது நிலக்கரிக் கந்தகத்திலிருந்து வந்த சல்பேட். வேடிக்கை என்னவென்றால் சல்பேட் தனியாக வேலை செய்வதில்லை. ஐசோப்ரீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் சில பொருட்கள் அமிலத் தன்மையுள்ள சல்பேட் துகளில் போய்த்தான் ஒட்டிக்கொண்டு துகளாக மாறுகின்றன. ஜார்ஜியா டெக் குழு ஒன்று 2015இல் வெளியிட்ட ஆய்வில், தென்கிழக்கு அமெரிக்காவில் கோடைக் காற்றிலுள்ள கரிமத் துகள்களில் 43 முதல் 70 சதவீதம் வரை, இப்படி மரத்தின் ஆவியும் மனிதரின் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூட்டுச் சேர்ந்து உண்டானவை என்று மதிப்பிட்டார்கள். துகளை எடுத்து உள்ளே இருக்கும் கார்பனின் வயதைப் பார்த்தால் மரத்தின் கார்பன் என்றுதான் காட்டும். அதைத் துகளாக்கியது மின்நிலையம். சாட்சிக்கூண்டில் நிற்பது மட்டும் மரம்.

சரி, மரம் ஏன் விடுகிறது என்ற கேள்வி. தாமஸ் ஷார்க்கி என்ற விஞ்ஞானி 1990களில் சொன்ன பதில் சூடு. மரக்கிளையில் இருக்கும் ஒரு இலையை நினைத்துப் பாருங்கள். மேலே உள்ள இலை காற்றில் விலகியதும் வெயில் கீற்று விழுகிறது, இலையின் வெப்பம் சில நொடிகளிலேயே பல டிகிரி ஏறுகிறது, மறுபடி நிழல் விழுந்து இறங்குகிறது. இந்தத் திடீர்ச் சூட்டில் ஒளிச்சேர்க்கை அமைப்பு கெட்டுப்போகாமல் ஐசோப்ரீன் காக்கிறது என்று இலைகளை வைத்துக் காட்டினார். ஓசோன் போன்ற ஆக்சிஜனேற்றிகளிடமிருந்தும் அது காக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. கேட்கத் தெளிவாக இருக்கிறதல்லவா? ஆனால் 2020இல் வந்த ஆய்வு அதில் ஒரு முடிச்சைப் போட்டது. ஐசோப்ரீன் செய்யும் மரபணுவை அடக்கிய பாப்லர் மரங்களை ஓரிகானிலும் அரிசோனாவிலும் தோட்டமாக வளர்த்துப் பார்த்தார்கள். அரிசோனா வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஐசோப்ரீன் இல்லாத மரங்களும் மற்றவற்றுக்குச் சமமாகவே வளர்ந்தன. ஐசோப்ரீன் இல்லாத இடத்தை வேறு காப்புப் பொருட்கள் ஈடுகட்டியிருக்கின்றன. இந்த மாதிரி ஒரு விடை உடைந்து இன்னொரு கேள்வி முளைப்பதை வகுப்பில் காட்ட எங்களுக்கு நேரமே இருந்ததில்லை. தேர்வுக்கு ஒரு வரி விடை போதும்.

மனிதர் மூச்சிலும் ஐசோப்ரீன் உண்டு. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் காற்றை அளந்து பார்த்தவர்கள், படத்தில் பதற்றமான காட்சி வரும்போதெல்லாம் அரங்கின் காற்றில் ஐசோப்ரீன் ஏறுவதைக் கண்டார்கள். தசை இறுகும்போது வெளியேறுகிறதாம். எனவே ஐசோப்ரீன் விடுவது குற்றம் என்றால் முதல் பெஞ்சு ரசிகர்களையும் பிடிக்க வேண்டும்.

மரத்தின் மேல் பழி போடக் கூடாது என்று சொல்லும் நான், எந்த மரத்தையும் எங்கேயும் நடலாம் என்று சொல்லவில்லை. போர்னியோத் தீவில் மலேசியாவின் சபா மாநிலத்தில் அளந்தவர்கள், எண்ணெய்ப்பனைத் தோட்டம் விடும் ஐசோப்ரீன் பக்கத்துக் காடு விடுவதைப் போலப் பல மடங்கு என்று 2009இல் சொன்னார்கள். அங்கே நைட்ரஜன் ஆக்சைடு இன்னும் குறைவாக இருப்பதால் ஓசோன் ஏறவில்லை. ஆனால் அதே தோட்டங்களைச் சுற்றி ஆலையும் சாலையும் பெருகினால் கதை மாறும் என்று எச்சரித்தார்கள். லட்சக்கணக்கில் ஒரே வகை மரத்தை நடுகிற திட்டம் போடுபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. எங்கள் மாவட்டத்தில் பலவகை மரம் நின்ற மலைச்சரிவுகளை ஒரே ரப்பராக்கியது நாங்கள்தான். அப்போது மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் சிலராவது பேசினார்கள், காற்றைப் பற்றிப் பேசிய நினைவு எனக்கு இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு மரம் நடுபவருக்கு இந்தக் கவலை தேவையில்லை. அந்த ஒரு மரம் விடும் ஆவியைவிட, அது தரும் நிழலால் ஏசி ஓடாமல் மிச்சமாகும் மின்சாரமும், அந்த மின்சாரத்துக்காக எரியாமல் இருக்கும் எரிபொருளும்தான் கணக்கில் பெரிது.

மகள் வீட்டுப் பின்பக்கம் போன குளிர்காலப் புயலில் ஒரு பைன் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன நடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. நான் வெள்ளை ஓக் என்றேன். ஐசோப்ரீன் விடும் மரம்தான், ஆனால் இந்த மண்ணுக்கே உரியது, நூற்றாண்டு நிற்கும். மாப்பிள்ளை, "என்ன மாமா, நீங்களே இப்படிச் சொல்றீங்க?" என்று சிரித்தார். கடைசியில் மகள் சிவப்பு மேப்பிள் கன்று வாங்கி வந்தாள், அக்டோபரில் இலை சிவக்குமே என்பதற்காக. இந்தப் பகுதியில் மான் தொல்லை அதிகம். கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டுகிற வேலை எனக்கு வந்தது.